இறுக்கிக் கட்டிய படகு

படப்பையில் எங்கள் மனைப்பிரிவின் கடைசி வீடு எங்களுடையது. பின்சுவரை ஒட்டி ஏரியின் உபரிநீர் வாய்க்கால் ஓடுகிறது. முன்பு ஒரு கார்த்திகையில் வாய்க்காலும் தெருவும் ஒன்றாகிவிட, நானும் மனைவியும் மூன்று நாள் மாடியிலேயே இருந்தோம். இரண்டாம் நாள், புதன்கிழமை, காஞ்சிபுரத்தில் அவளுடைய அப்பா இறந்துபோனார். செய்தி போனில் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் பாதித் தெருவரை போன அவள், நீரின் இழுப்பு தாங்காமல் திரும்பினாள். மழை பெய்த நேரம், நின்ற நேரம் எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. இதை மட்டும் எழுதவில்லை.

தண்ணீர் வடிந்ததும் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டலாம் என்றேன்.

"தண்ணி உள்ள வர்றதப் பத்தி எனக்குக் கவல இல்லீங்க. நான் வெளிய போவணும். அதுக்கு வழி இருந்தா இந்த வூட்ல இருக்கேன். இல்லன்னா வித்துடலாம்" என்றாள்.

கட்டடக்கலைப் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். ஆளுயரத் தூண்கள்மேல் புதிய வீடு எழுந்தது. மின்மீட்டரும் மோட்டாரும் மாடியில். காற்று பிடித்துத் தூக்கும்படி தகரமோ சன்ஷேடோ எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. பின்பக்கம் வாய்க்காலில் இறங்கப் படிகள். கீழிருந்து இரண்டாம் படியில் இரண்டு இரும்பு வளையங்கள். பழவேற்காட்டிலிருந்து ஒரு பழைய பைபர் படகு வந்தது.

"இன்னா சார், படப்பைக்கு ஹார்பர் கட்றீங்களா? கப்பல் எப்ப வருது?" என்றார் மேஸ்திரி.

"வந்தா உனக்குத்தான்யா மொத டிக்கெட்" என்றாள் என் மனைவி.

போன ஐப்பசியில் புயல் அறிவிப்பு வந்தது. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் டிஸ்பேட்சில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். லாரியில் ஏற்றிய பெட்டி அசையக் கூடாது என்பதுதான் எங்கள் பிரிவின் முதல் பாடம். லாரியில் சரக்கைப் பிணைக்கும் பெல்ட்டுகளையே கொண்டுவந்து, படகின் இரண்டு முனைகளையும் வளையங்களோடு சேர்த்து இறுக்கினேன். காலால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை காற்று அடங்கியிருந்தது. வாய்க்காலும் தெருவும் மறுபடி ஒன்றாகியிருந்தன; வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. பின்கதவைத் திறந்தால் தண்ணீர் ஐந்தாம் படியில் நின்றது. படகைக் காணோம்.

அவள்தான் குனிந்து பார்த்தாள். கலங்கல் தண்ணீருக்கடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"தண்ணி ஏறுனா படகும் ஏற வேணாமா? இப்புடி அமுக்கிக் கட்டி வச்சிருக்கீங்களே!"

தோள்வரை கையை விட்டுப் பார்த்தேன். படகு மேலே வரத் திமிறியதில் பெல்ட்டின் பூட்டு இறுகிப்போயிருந்தது. அவள் உள்ளே போனாள். வீட்டை விட்டுக் கிளம்பப் பெட்டி எடுத்து வைக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். பரங்கிக்காய் வெட்டும் கத்தியோடு வந்தாள்.

இரண்டாவது பெல்ட் அறுந்ததும் படகு நிறைந்த தண்ணீரோடு மேலே வந்தது. ஆளுக்கொரு வாளியாக இறைத்தோம். ஒன்றரை மணி நேரம் ஆனது.

"மெயின் ரோடு வரைக்கும் போங்க" என்று ஏறி உட்கார்ந்தாள்.

தெருமுனையில், மெயின் ரோட்டு மேட்டில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. படகை விட்டு இறங்கி ஓட்டுநரிடம் போனாள்.

"தாம்பரம் பக்கம் போவுதா?"

"போவுதும்மா, ஏறுங்க."

"காஞ்சிபுரத்துக்கு?"

"ஒரகடத்துலருந்து பஸ் ஓடுது. அங்க வரிக்கும் நானே வுட்றேன். ஏறுங்க."

"இல்லப்பா, போவல."

"போவலயா? அப்ப இன்னாத்துக்கும்மா ஊரு ஊரா கேட்டீங்க?"

"வண்டி ஓடுதான்னு பாத்தேன்."

அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் படகுக்குத் திரும்பி வந்து, என் கையிலிருந்த துடுப்பை வாங்கிக்கொண்டாள். வீடு வந்ததும் கொடிக்கயிற்றை அவிழ்த்து எடுத்துவந்து, தண்ணீருக்குள் கையை விட்டுப் படகை வளையத்தில் அவளே கட்டினாள். தளர்வாக, இரண்டு ஆள் நீளக் கயிறு மிச்சம் விட்டு.