குஞ்சம்மாள் கையோடு வந்த கைப்பிடி

குஞ்சம்மாளுக்கு அரியமுத்து இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை. தான் ஒரு கடன்காரன் என்பதே அவருக்கு எட்டு மாதமாகத் தெரியாது. எவனிடமும் கைநீட்டி நிற்காதவன் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்த மனிதர் அவர்.

தட்டிக்கொள்ள வேண்டிய மார்புதான், அதில் தப்பில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் சம்மட்டி பிடித்தவர். இன்றைக்குக் குன்னத்தில் வெங்காயக் கொட்டகை, சொந்த லாரி, மாடி வீடு, அதன் வாசலில் ஒரு வெள்ளைக் கார். கார் வைத்திருக்கிறவன் ஊருக்குள் எத்தனையோ பேர் உண்டு. தவணை கிவணை இல்லாமல் மொத்தப் பணத்தையும் மேசையில் வைத்து ஓட்டி வந்தவர் அரியமுத்து ஒருத்தர்தான். யாரும் கேட்காவிட்டாலும் அதை அவரே சொல்லிவிடுவார்.

அந்தக் காரில்தான் ஐப்பசி மழையில் குஞ்சம்மாளின் மகள் தென்றலைப் பிரசவத்துக்கு ஏற்றிப் போனார். குஞ்சம்மாள் அவர் கொட்டகையில் சின்ன வெங்காயத்துக்குத் தாள் கிள்ளி, சொத்தை பொறுக்குகிறவள். “மொதலாளி, பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு, வண்டி ஒண்ணும் கெடைக்கல” என்று அவள் நனைந்துகொண்டு வந்து நின்றதும், சாப்பாட்டுத் தட்டிலேயே கைகழுவிவிட்டுச் சாவியை எடுத்தார். நல்ல மனசு இல்லாதவன் அப்படி எழுந்திருக்க மாட்டான்.

அரியலூர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. முன்பக்கம் உட்கார்ந்திருந்த குஞ்சம்மாள் குதித்து இறங்கி, மகளை இறக்கப் பின்கதவின் கைப்பிடியை இழுத்தாள். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. கதவு அசையவில்லை. உள்ளே தென்றல் “அம்மா, அம்மா” என்று கதறுகிறாள். வெளியே இவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மழையில் நிற்கிறாள்.

அந்த நேரத்தில் அரியமுத்து முதலில் கேட்டது தென்றலைப் பற்றி அல்ல. “அடிப்பாவி, வண்டிய என்ன பண்ணித் தொலச்ச?” என்றுதான் கேட்டார். பிறகுதான் மறுபக்கத்துக் கதவைத் திறந்து, தென்றலை இழுத்து நகர்த்தி இறக்கினார்கள். ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

அந்தச் சனிக்கிழமை கூலி போடுகிற நேரத்தில், பொம்பளைகள் அத்தனை பேரும் வரிசையில் நிற்கும்போது, அரியமுத்து குவாரிச் சட்டத்தைச் சொன்னார். “எவன் கையில ஒடியுதோ, அவன் கூலியில புடிப்பு. நான் சின்ன வயசுல சம்மட்டிப் புடிய ஒடிச்சதுக்கு மேஸ்திரி ஒரு வாரக் கூலியப் புடிச்சாரு. வாயத் தொறந்தனா? கட்டினேன். அதான் இன்னைக்கு மொதலாளி!”

குஞ்சம்மாள் மெதுவாகச் சொன்னாள். “நான் வேகமா இழுக்கலீங்க. தொட்டதும் வந்துடுச்சுங்க.”

“தொட்டதும் வர்றதுக்கு அது என்ன வெங்காயத் தாளா? கல்லு ஒடைக்கிற கையாட்டம் இருக்கு, இரும்பே தாங்கல!”

எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கும் அது நல்ல வேடிக்கையாகத்தான் இருந்தது. புதுக் கைப்பிடிக்கு ஆன செலவு, வாரம் இருநூறாக அவள் கூலியில் கழிந்தது. பணத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. இரும்புக்கை என்று பேரும் ஒட்டிக்கொண்டது. கூட வேலை செய்யும் கலியம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. “ஏண்டி இரும்புக்கையி, தராசத் தொட்டுடாத. அப்புறம் அதுக்கும் பேரம்பேத்தி காலம் வரைக்கும் கட்டணும்” என்பாள். ஒருநாள் பேங்க் வேலையாக அவளையும் அரியமுத்து பெரம்பலூருக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. அவள் காரைத் தொடாமல், கையிரண்டையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள். “நீங்களே தெறந்து வுட்டுடுங்க மொதலாளி” என்றாள். அவரும் திறந்துவிட்டார். அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை.

ஆனி மாதத்தில் போன் வந்தது. கார் வாங்கிய ஷோரூமிலிருந்து ஒரு பெண் பேசினாள். அவர் வாங்கிய ரகத்து வண்டிகளையெல்லாம் கம்பெனி திரும்ப அழைக்கிறதாம்.

அரியமுத்துவுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. “யாரு வண்டிய யாரு எடுக்குறது? ஒத்த ரூவா பாக்கி உண்டா? ரொக்கம் குடுத்து வாங்குனவம்மா நான்!”

“ஐயா, எடுக்கலைங்க. கதவுக் கைப்பிடியில கோளாறு இருக்கு. எல்லா வண்டிக்கும் கம்பெனியே சும்மா மாத்திக் குடுக்குது. கொண்டு வாங்க.”

சும்மா என்ற சொல்லைக் கேட்டபிறகு அவர் தாமதிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே பெரம்பலூரில் இருந்தார்.

ஷோரூமில் அதே ரக வண்டிகள் வரிசையாக நின்றன. போனில் பேசிய பெண்ணின் பெயர் பூங்குழலி. கழற்றிய கைப்பிடி ஒன்றைக் கையில் வைத்துக் காட்டினாள். “உள்ள பிடிச்சிருக்கிற இந்தத் துண்டு சரியில்லைங்க ஐயா. வார்ப்புலயே தப்பு. எந்த நேரம் விடும்னு சொல்ல முடியாது. பச்சைக் குழந்தை தொட்டாலும் கழண்டு வரும். ஏற்கெனவே உடைஞ்சு காசு குடுத்து மாத்தியிருந்தா, அந்தக் காசையும் கம்பெனி திருப்பிக் குடுக்குதுங்க.”

“அப்படிப் போடு!” என்றார் அரியமுத்து. காத்திருந்த ஆட்கள் அத்தனை பேருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். “எங்க கொட்டகையில ஒரு பொம்பள, அவ இழுத்தே ஒடிச்சுட்டா. வுடுவனா நானு? அவ கூலியிலயே புடிச்சேன், ரெண்டாயிரத்து அறுநூறு. இப்ப கம்பெனியும் குடுக்குதுன்னா வேணாம்னா சொல்லப்போறேன்?”

அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த வாத்தியார் மாதிரி ஒருவர் கையிலிருந்த பேப்பரைத் தாழ்த்தி அவரைப் பார்த்தார். பூங்குழலி கைப்பிடியை மேசைமேல் வைத்தாள்.

“அப்ப இந்தப் பணம் அவங்களுதுங்களே ஐயா?”

கேலியாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அதுதான் அரியமுத்துவுக்குச் சுருக்கென்றது. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, “ஆமா… அது… குடுத்துருவம்மா” என்றார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது நாற்பது வருஷமாக நினைக்காத ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தச் சம்மட்டிப் பிடி உளுத்துப்போன கட்டை. உடைந்த இடத்தில் மாவாகக் கொட்டியது. அதை மேஸ்திரியிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது, பயத்தில் விழுங்கிவிட்டார். விழுங்கியதைத்தான் இத்தனை காலமாக வீரம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். குஞ்சம்மாள் விழுங்கவில்லை. தொட்டதும் வந்துடுச்சு என்று சொன்னாளே! உள்ளதைச் சொன்னவளின் கையைப் பார்த்துத்தான் ஊரையே சிரிக்க வைத்தார்.

பணம் வந்துசேர்ந்தது. கொடுப்பது ஒன்றும் பெரிதில்லை. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் அவர் பத்து நாள் திண்டாடினார். கடைசியில், எல்லாரும் கிளம்பிய பிறகு குஞ்சம்மாளைத் தனியாக நிறுத்தி, மடித்த நோட்டுகளை நீட்டினார். “பேரனுக்கு எதுனா வாங்கு.”

அவள் வாங்கவில்லை. “பேரன் பொறந்தப்பவே சட்ட வாங்கிக் குடுத்துட்டீங்களே. இது எதுக்குங்க?”

“எதுக்குன்னா… அந்தக் கைப்பிடி இருக்குல்ல… அது கம்பெனிக்காரன் தப்பாம். உன்மேல ஒண்ணும் இல்லியாம்.”

குஞ்சம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். “புடிக்கிறப்ப ஊரக் கூட்டிவச்சு எம் பேரச் சொல்லிப் புடிச்சீங்க. குடுக்கிறப்ப இருட்டுல குடுக்குறீங்களே மொதலாளி” என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.



சனிக்கிழமை வந்தது. வரிசை நின்றது. முன்னால் நின்ற கலியம்மாள் வழக்கம்போல ஆரம்பித்தாள். “இரும்புக்கையி, தள்ளி நில்லு. மேசைய ஒடிச்சுடாத.”

“கலியம்மா, நிறுத்து” என்றார் அரியமுத்து. எழுந்து நின்றார். கூலி போடும்போது அவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை. “இனிமே அந்தப் பேர யாரும் சொல்லக் கூடாது. அந்தப் பேரு நான் வச்சது. அந்தக் கைப்பிடி செய்யும்போதே கோளாறு. கம்பெனியே ஒத்துக்கிட்டு ஊர்ல உள்ள வண்டியெல்லாம் கூப்பிட்டு மாத்துறான். குஞ்சம்மா அன்னைக்கே சொன்னா. நான் கேக்கல. கேக்காம சிரிச்சேன், உங்களையும் சிரிக்க வச்சேன். ஆஸ்பத்திரி வாசல்ல புள்ள துடிக்கிறப்பகூட வண்டியத்தான் பார்த்தேன். தப்பு எம்மேல.”

கலியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“வா குஞ்சம்மா.”

அவள் வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து வலக்கையை எடுத்து விரித்து நீட்டினாள். வெங்காயச் சாறு ஏறி ரேகையெல்லாம் கறுத்த கை. அந்தக் கையை நேராகப் பார்க்க அரியமுத்துவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளிடம் வாரா வாரம் பிடித்தது போலவே இருநூறு இருநூறாக, எல்லாருக்கும் கேட்கும்படி வாய்விட்டு எண்ணி, கடைசி நோட்டு வரைக்கும் அந்த உள்ளங்கையில் வைத்தார்.