மேற்படி நாய்

எங்கள் வீட்டு நாய் சீசர் உபதேசியாரைக் கடித்தபோது அவர் கைகள் இரண்டிலும் மாதா சுரூபம் இருந்தது. ஜெபமாலை மாதத்தில் அந்தச் சிலை வீடு வீடாகப் போகும். அன்றைக்கு எங்கள் வீட்டு முறை. ஊருக்கே ஜெபம் சொல்லிக்கொடுக்கிற அந்தப் பெரிய மனிதர், கெண்டைக்காலை நாய் கவ்விக்கொண்டிருக்க, "ஆத்தா, ஆத்தா" என்று கத்தினாரே தவிர சுரூபத்தைக் கீழே போடவில்லை. மாதாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று ஊரே ஒரு வாரம் பேசியது. அவர் காலில் இறங்கிய நான்கு பற்களைப் பற்றி அவருடைய மகன் மட்டும்தான் பேசினார். அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசினார்.

சீசரை வாங்கி வந்தது அப்பா. கத்தாருக்குப் போகிற மாதத்தில், வீட்டில் ஆம்பிளை இல்லாத குறை தெரியக்கூடாது என்று சொல்லிக் கட்டிவிட்டுப் போனார். ராஜபாளையத்துக் கலப்பு, வெள்ளை உடம்பு, என் இடுப்புயரம். அது வீட்டு ஆம்பிளையாகத்தான் நடந்துகொண்டது. வருகிறவர்களை முறைக்கும், சோறு தாமதமானால் தட்டை உருட்டும், மற்ற நேரம் தூங்கும். அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. எனக்கோ அதை விட்டால் வேறு ஆளில்லை.

ஸ்டேஷனுக்கு அம்மா என்னையும் கூட்டிப்போனாள். அங்கிருந்த ஏட்டையா தன்மையான மனிதர். கேஸ் என்று போனால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். அம்மா பேனாவை வாங்கினாள். முதல் வரியே கோணிக்கொண்டு போனது. நாலாம் வகுப்பில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியிருந்த நான், "குடும்மா, நான் எழுதுறேன்" என்று பேப்பரை இழுத்துக்கொண்டேன்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நாயைப் பகலில் சங்கிலியில் கட்டி வைப்பேன். வெளியே பிடித்துப்போகும்போது வாய்க்கூடு போடுவேன். வருஷம் தவறாமல் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, கேட்கும்போது அட்டையைக் காட்டுவேன். கேட்டில் எச்சரிக்கைப் பலகை மாட்டுவேன். மேற்படி நாய் இனிமேல் யாரையாவது கடித்தால் அதற்கு நானே முழுப்பொறுப்பு ஏற்று, தாங்கள் எடுக்கும் சட்டப்படியான நடவடிக்கைக்குக் கட்டுப்படுவேன். மேற்படி என்பது நாய்க்கு ஸ்டேஷனில் கொடுக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டு அந்தச் சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதினேன். அம்மா கீழே கையெழுத்துப் போட்டாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, மறுபடியும் கடித்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"என்னயப் புடிச்சு உள்ள வப்பாங்க. அப்பறம் நீயும் ஒன் நாயும் நிம்மதியா இருங்க" என்றாள் அம்மா. எரிச்சலில் சொன்னதுதான். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அதற்கு முன்பு உபதேசியாரை எனக்குப் பிடிக்கும். கடிபட்ட பிறகு பிடிக்காமல் போயிற்று. தினமும் காலை ஜெபம் முடிந்ததும், கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வருவார். உள்ளே வர மாட்டார். சீசரையே பார்த்துக்கொண்டு நிற்பார். "சாப்புட்டுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். பத்து நாள் விடாமல் வந்தார். சீசர்மேல் வன்மம் வைத்துக்கொண்டுதான் இப்படி முறைக்கிறார் என்று நினைத்து, அவர் ஜெபம் சொல்லும்போது வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் இருந்தேன்.

எழுதிக் கொடுத்தபடி வெளியே போகும்போது மட்டும் வாய்க்கூடு போட்டால் போதும். அம்மாவின் பயம் கேட்கவில்லை. கன்றுக்குட்டி வயலில் மேயாமலிருக்கக் கட்டுகிற கயிற்று வாய்க்கூட்டையே பகல் முழுக்கச் சீசருக்குக் கட்டி வைத்தாள். மாசி மாத வாக்கில் அதன் காதுக்குப் பின்னால் கயிறு அறுத்துப் புண்ணாகிவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். "ஒரு புண்ணுதான, ஊரு கடிபடாம இருந்தா சரி" என்றாள்.

தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை. பள்ளிவிட்டு வந்தபோது அம்மா கடலைக் கொல்லையிலிருந்து திரும்பவில்லை. சீசர் வாயைத் திறக்க முடியாமல் இரைத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. குந்தி உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். கயிறு புண்ணில் ஒட்டியிருந்திருக்கிறது. நான் இழுத்த இழுப்பில் அது துடித்துத் திரும்பி என் தொடையைக் கவ்வியது. உடனே விட்டும்விட்டது. விட்ட பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்துக்கொண்டது.

வலியைவிட, நான் எழுதிய வரிதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. மேற்படி நாய் யாரையாவது கடித்தால். என் கையாலேயே எழுதியிருந்தேன். அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், அப்பா கத்தாரில் இருக்கிறார், நான் யாரோடு இருப்பேன்? புண்ணில் பற்பசையைத் தடவி, கைக்குட்டையால் கட்டி, பாவாடையை இறக்கி விட்டுக்கொண்டேன். அழுதுகொண்டே வாய்க்கூட்டையும் திரும்பக் கட்டினேன். மூன்று நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது அடிக்கிற எழுந்தேற்ற மணி அடித்தது. எல்லோரும் முழங்காலிட்டார்கள். எனக்குக் கால் மடங்கவில்லை. அம்மா என் பாவாடையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். கை ஈரமானது. என்ன ஈரம் என்று பார்த்தாள். பூசை நடுவில் எழுந்து வெளியே போனவர்களை அதுவரை அவள் மன்னித்ததே இல்லை. அன்று என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். கைக்குட்டையை அவிழ்த்து அவள் பல்தடத்தைப் பார்த்ததும், வியாழக்கிழமை நடந்ததை நான் சொல்லிவிட்டேன்.

பின்னாலேயே உபதேசியார் வந்துவிட்டார். அம்மா அவரிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் உடனே மொபெட்டை எடுத்தார். மூன்று பேருமாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"யாரு வீட்டு நாய்?" என்று கேட்டார் டாக்டர்.

"சொல்லாதம்மா" என்று அலறினேன்.

"எங்க நாய்தாங்க. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கேன்" என்றாள் அம்மா. யார் எப்போது கேட்பார்களோ என்று எப்போதும் பையிலேயே வைத்திருந்த ஊசி அட்டையை எடுத்து நீட்டினாள். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த ஊசி தை மாதமே போட்டிருக்க வேண்டும். பங்குனி பிறந்துவிட்டிருந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது அம்மா வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. உபதேசியார்தான் வாங்கினார். என்னை ஊசி போடக் கூட்டிப்போய்விட்டார்கள். அவர்கள் மூவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து அம்மா தானாகவே ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டையா முழுவதும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஒங்க புள்ளையையே கடிச்சதுக்கு யாரு மேலம்மா கேஸு போடுறது?"

"என் மேலதாங்க போடணும்" என்றாள் அம்மா. ஏட்டையா எதுவும் எழுதவில்லை. எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார். அம்மாவை உள்ளே வைக்கவில்லை என்ற சந்தோஷத்தில் எனக்கு ஊசி வலிகூட மறந்துபோயிற்று.

அன்றிலிருந்து அம்மா ஆளே மாறிப்போனாள். சீசரின் வாய்க்கூட்டைக் கழற்றி எறிந்தாள். புண்ணுக்கு மருந்து போட்டாள். விடிந்ததும் என்னைக்கூட எழுப்பாமல் நேரே அதனிடம் போவாள். ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு, எட்ட உட்கார்ந்துகொள்வாள். அது குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். அது குடிக்காமல் அவள் காப்பித்தண்ணி குடித்து நான் பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே மறுபடியும் உபதேசியார் வந்து நிற்க ஆரம்பித்தார். இருவரும் நாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடித்த நாய் பத்து நாள் நோயில்லாமல் உயிரோடிருந்தால் கடிபட்டவருக்குப் பயமில்லை என்பதும், நோய் கண்ட நாய்க்குத் தண்ணீர் இறங்காது என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. மூன்று நாளை நான் மறைத்துக் கழித்துவிட்டேன். மிச்சமிருந்த ஏழு நாளும் என் உயிர் இருக்குமா போகுமா என்பதை அம்மா அந்தச் சட்டியின் எதிரில் உட்கார்ந்துதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கடைசி நாள் காலையில் சீசர் சட்டியை நக்கிக் கவிழ்த்துவிட்டு வாலை ஆட்டியது. அம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. கேட்டில் நின்ற உபதேசியாரிடம் போய், "எங்கம்மாவுக்கு இப்பல்லாம் என்னையவிட சீசரத்தான் புடிக்குது" என்று புகார் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.