பங்குக் கிணற்றுக்கு ஒரு லைற்

வயரிங் வேலையில் வீட்டுக்குள்ளே பெரிய கரைச்சல் இல்லை. வளவுக்குள் ஒரு லைற் போட்டுத் தாரும் என்று யாராவது கேட்டால்தான் எங்களுக்குச் சனி பிடிக்கிறது. வெயில், உப்புக்காற்று, அணில், ஆடு, வேலி, அயலவர் எல்லாவற்றுக்கும் தாக்குப்பிடிக்கிற வயர் வேண்டும். வளவுக்கு லைற் போட்டுப் பார்த்தவர்கள் உங்களில் யாரும் இருந்தால் நான் படுகிற பாடு விளங்கும். வேலணையில் கறண்ட் வந்த புதிதில் ஒரே ஒரு கிணற்றுக்கு நான் லைற் போட்ட கதையை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளை வயர்

செல்லத்துரை அண்ணை கொழும்பில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்து வந்தவர். அவருடைய வளவுக்கும் தங்கை நாகம்மாவின் வளவுக்கும் நடுவே ஒரு பங்குக் கிணறு. வேலி இரண்டு பக்கத்தாலும் வந்து கிணற்றுக்கட்டில் முட்டி நிற்கும். அவரவர் தங்கள் பக்கத்தில் நின்று தண்ணீர் அள்ள வேண்டியதுதான். எல்லையில் நின்ற ஒரு பனை யாருடையது என்ற சண்டையில் அண்ணனும் தங்கையும் பேச்சை விட்டுப் பல வருடம். நாகம்மா அக்கா புருஷனை இழந்தவர். பிள்ளைகள் கொழும்பில். தனியாகத்தான் இருந்தார்.

கிணற்றடிப் பல்ப் விட்டுவிட்டு எரிகிறது என்று அண்ணை கூப்பிட்டுப் போனேன். விறாந்தைக்குப் போடுகிற மெல்லிய வெள்ளை வயரைத் தானே வாங்கி, வேலிக்கு நட்ட கதியால் தடிகளில் கட்டிக் கிணற்றடிவரை இழுத்திருந்தார். அந்த வயருக்கு ஒரு கோடை போதும். வெயிலில் காய்ந்து, தோல் வெடித்து, உள்ளே செம்பு தெரிந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, அதே கதியாலில், நாகம்மா அக்கா உடுப்புக் காயப்போடுகிற கம்பிக்கொடி கட்டியிருந்தது. ஈரச் சேலையோடு அந்தக் கம்பியில் கை வைத்தால் ஆள் தப்பாது என்றேன். “அவள் தன்ரை கொடியை அங்காலை கட்டட்டும்” என்றார் முதலில். பிறகு உள்ளே போய், பியூசைக் கழற்றிக் கையில் கொண்டுவந்தார்.

“நல்ல வயரா நாளைக்கே மாத்தும். ஆருக்காக எண்டு மட்டும் ஊருக்குள்ளை கதைக்காதேயும்.”

மேலாலே இழுத்தால்

அடுத்த நாள் நான் என் மூளையைப் பாவித்தேன். கூரையிலிருந்து கிணற்றடியில் ஒரு தூணுக்கு மேலாலே இழுத்தால் வேலியிலும் படாது, கொடியிலும் படாது, ஒரு நாளில் வேலை முடிந்துவிடும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அண்ணை அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே வரிசையாகப் பனை. காய்ந்த ஓலைகள் எல்லாம் தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றில் விழவா விடவா என்று ஆடிக்கொண்டிருந்தன.

“தம்பி, காவோலை உம்மைக் கேட்டிட்டோ விழும்?”

வேலிக்குக் கீழே

மேலே சரிவராவிட்டால் மண்ணுக்குள்ளேதான் போக வேண்டும். அதற்கென்று இரும்புக் கம்பி சுற்றிய தடித்த கேபிள் இருக்கிறது. மண்வெட்டி பட்டாலும் லேசில் அறாது. அதைத் தாழ்ப்பதற்கு வேலியோரமாக வாய்க்கால் வெட்டத் தொடங்கினேன். ஓலை வேலிக்குப் பின்னால் நாகம்மா அக்காவின் குரல் கேட்டது. “ஆரைக் கேட்டு எல்லையிலை வெட்டுறீர்? முதலிலை சேவையர் வந்து அளக்கட்டும்!” வேலியைத் தன் பக்கம் அரக்கி நகர்த்தப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். எல்லையில் நான் கை வைக்கவில்லை, கிணற்று லைற்றுக்குத்தான் வயர் தாழ்க்கிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். அந்தப் பக்கமிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. “கிணத்திலை எனக்கும் பாதிப் பங்கு. அந்த மனிசன் நினைச்ச நேரம் போட, நினைச்ச நேரம் நூக்க, நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ? நான் சமைக்கிற குசினிச் சுவரிலையும் ஒரு சுவிச்சு வையும்.”

இதைக் கேட்டால் அண்ணை குதிக்கப் போகிறார் என்று பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். குதிக்கவில்லை.

“வைச்சுக் குடும். இல்லாட்டி லைற்றுக்கும் வழக்கு வைப்பாள்.”

மூன்று கம்பி

ஒரு லைற்றை இரண்டு வீட்டிலிருந்தும் போடவும் நூக்கவும் வேண்டுமானால் கேபிளுக்குள் இரண்டு கம்பி போதாது, மூன்று வேண்டும். வெளிநாட்டுச் சாமான் தட்டுப்பாடான காலம் அது. பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் இரண்டு கம்பிக் கேபிள்தான். கடைசியாக ஒரு கடையில் முதலாளி அதையே தலையில் கட்டப் பார்த்தார். நான் விடவில்லை. இரண்டு சுவிச்சுக் கதையைச் சொன்ன பிறகுதான் பின்னறைக்குப் போய், தூசி படிந்த ஒரு சுருளை உருட்டிக்கொண்டு வந்தார்.

“ஒரு லைற்றுக்கு ரெண்டு சுவிச்சோ? அந்தக் கிணத்திலை தண்ணி அள்ளுறவையோ, சண்டை பிடிக்கிறவையோ?”

தன்பாட்டில் நூரும் லைற்

வேலை முடிந்து நிம்மதியாக இருக்கலாம் என்றால், அண்ணை சைக்கிளில் வந்து நிற்கிறார். பின்னேரம் தான் போடுகிற லைற் ஒவ்வொரு நாளும் தன்பாட்டில் நூருகிறதாம், என் வேலையில்தான் பிழையாம். எனக்குக் கோபம் வந்தது. போய்ச் சோதித்தேன்; வயரில் ஒரு பிழையும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் போய், நீங்கள்தான் நூக்கிறீர்களோ என்று நாகம்மா அக்காவைக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

“ஓம், படுக்கப் போகேக்கை நான்தான் நூக்கிறனான். அந்த மனிசன் எரியவிட்டிட்டுப் படுத்திடும். பென்சன்காரனுக்குக் கறண்ட் காசென்ன சும்மாவோ வருது?”

இதை அண்ணைக்கு அப்படியே சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அதன்பிறகு பின்னேரம் அவர் போடுவதும், படுக்கப் போகையில் அக்கா நூப்பதும் வழக்கமாகிவிட்டது. முறைப்பாடு நின்றது. பேச்சு மட்டும் தொடங்கவில்லை.

விடிந்தும் எரிந்தது

ஒரு நாள் காலையில் அண்ணை சேட்டும் போடாமல் ஓடி வந்தார். “லைற் இன்னும் எரியுது. அவள் நூக்கேல்லை. சுவிச்சுப் பழுதோ எண்டு பாரும்.” கறண்ட் பார்க்கிற ரெஸ்ரரை எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய சுவிச்சைத் தட்டினேன், லைற் நூர்ந்தது. திரும்பத் தட்டினேன், எரிந்தது. பழுது ஒன்றும் இல்லை அண்ணை, அக்காதான் நூக்கவில்லை என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருடைய முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. றோட்டால் சுற்றிப் போக அவருக்குப் பொறுமை இல்லை. தான் கட்டின வேலியைத் தானே இரண்டு கையாலும் பிய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினார். நான் பின்னாலே போனேன்.

நாகம்மா அக்கா குசினி வாசலில் கிடந்தார். முதல் நாள் பொழுதுபடுகிற நேரம் வழுக்கி விழுந்தவர், இடுப்பை அசைக்க ஏலாமல் விடியும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். கூப்பிட்ட குரல் யாருக்கும் கேட்கவில்லை. அண்ணை பக்கத்தில் குந்தித் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். அவருக்குக் கண்ணீர் வந்தது. எனக்கும்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகு அண்ணனிடம் முதலில் பேசியது அந்த அக்காதான்.

“அண்ணை, லைற்றை நூத்துப்போட்டோ வந்தனீங்கள்?”

ஆஸ்பத்திரியால் வந்து நாகம்மா அக்கா பழையபடி நடமாடினார், பிய்த்த வேலி பிய்த்தபடியே கிடந்தது, நல்ல வயர் போட்டுக்கொடுத்த குற்றத்துக்கு அந்த இரண்டு வீட்டிலிருந்தும் என்னை அதற்குப் பிறகு ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.