ஷவ்கியின் முப்பது நாள்

ஆய்வு மாணவி நெர்மீன் ஏதோ பொத்தானை மாற்றி அமுக்கி, மூன்று வருஷக் கடல்நீர்க் குறிப்புகளைத் தானே அழித்துக்கொண்டாளாம். தேநீர்க் கடையில் பேசிக்கொண்டதாக வாயிற்காவலர் வந்து சொன்னார். தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்த ஷவ்கி, "அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த விதையைப் பல்லிடுக்கில் வைத்தார்.

அலெக்ஸாந்திரியாவில் ஒரு கடலாய்வு நிலையத்தின் லினக்ஸ் கணினிகள் அவர் பொறுப்பு; அங்கே எல்லாருக்கும் அவர் 'பாஷ்முஹந்திஸ்', அதாவது பொறியாளர் ஐயா. நாற்பது பேர் மாறி மாறி உட்காரும் கணினிகள். புது மென்பொருள் எது வந்தாலும் தன் ஓட்டை மடிக்கணினியில் முப்பது நாள் ஓடவிட்ட பிறகே பொதுக் கணினிகளில் ஏற்றப் பொட்டலம் கட்டுவார். அவசரப்படுத்துகிறவர்களிடம், "முதல்ல நான் தின்னு பாக்குறேன். உயிரோட இருந்தா அப்புறம் உங்களுக்குப் பரிமாறுறேன்" என்பார்.

போன மாதம் நிலைய ஆய்வாளர் முனைவர் ஹைத்தம் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: "என்ன பாஷ்முஹந்திஸ், கெய்ரோக்காரன் போன வாரமே அட்டவணை மென்பொருளோட புதுப் பதிப்பைப் போட்டுட்டான். நம்மளுதை அருங்காட்சியகத்துக்குக் குடுத்துடலாமா? வயசாச்சா, இல்ல பயமா?"

சிரிப்பு அடங்குவதற்குள் ஷவ்கியின் காது சிவந்துவிட்டது. இரண்டே நாளில் பொட்டலம் கட்டி எல்லாக் கணினியிலும் ஏற்றினார். சோதித்ததுகூடப் புதிதாகத் திறந்த வெற்றுக் கோப்பில்தான். பழையது ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. புதிய பதிப்போ, பழைய கோப்பைத் திறந்ததுமே ஓரக்குறிப்புகளை உதறிவிட்டு அதன் மேலேயே சேமித்துக்கொண்டது. பழைய கோப்புகளின் காப்பு நகல்கள் ஒரு வாரம்தான் இருக்கும். நெர்மீன் கவனித்தபோது ஒன்பதாம் நாள். எந்த எண் எந்தக் கரையில் மொண்ட நீருடையது என்பது இனிக் கடலுக்கும் தெரியாது.

அன்று அவரிடம்தான் முதலில் ஓடிவந்தாள். "நாந்தான் ஏதாச்சும் பண்ணிட்டேனா, பாஷ்முஹந்திஸ்?"

காரணம் அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. "பாக்கலாம்மா" என்றார். அவர் இல்லை என்று சொல்லாததால் தவறு தன்னுடையதே என்று நம்பி, அவள் தன் பேராசிரியரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். கவனமில்லாதவள் என்று சொல்லி அவள் ஆய்வேட்டை ஒரு வருஷம் தள்ளிவைக்க வியாழக்கிழமை ஆய்வுக்குழு கூடுகிறது.

காவலர் போனதும் ஷவ்கி நாற்பது பேருக்கும் ஓர் அறிவிப்பைத் தட்டச்சு செய்தார்: "தவறு என்னுடையது. நெர்மீனுடையது அல்ல." அனுப்பும் பொத்தான்வரை போன விரல் நின்றது. ஊருக்குச் சொல்லுமுன் அவளிடமல்லவா சொல்ல வேண்டும்?

கைப்பேசியில் அவள் எண்ணை அழுத்தினார். மணி போனது. எதிரில் அவளே வந்துவிட்டதுபோல நாற்காலியை விட்டு எழுந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். மணி போய்க்கொண்டே இருந்தது.