பின்பாரமும் பிரசவ சவாரியும்

ஜட்கா ஓட்டுகிறவன் வாயில் நாளெல்லாம் வரும் வார்த்தை “முன்னால வாங்க” என்பதுதான். பின்பாரம் ஏறினால், குதிரையைப் பூட்டும் ஏர்க்கால் மேலே தூக்கிக்கொள்ளும்; வயிற்றுவாரில் குதிரையே தொங்கும். கடிவாளம் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பதுகளில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா போட்டு நின்ற எனக்கு, அதைவிடப் பயம் பிரசவ சவாரிதான். முதல் பிள்ளையைப் பறிகொடுத்த என் மனைவி ராஜம்மா அப்போது மறுபடியும் மாசமாக இருந்தாள். வண்டியில் ஏறும் ஒவ்வொரு பெண்ணின் முனகலிலும் அவள் குரல்தான் கேட்டது.

மல்லாக்கப் படுத்தவள்

எளாவூரிலிருந்து ஒரு பெண். எழுந்தால் பிள்ளை நழுவிவிடும் என்று மாமியார் அவளை மல்லாக்கப் படுக்கவைத்துத் தோளை அமுக்கிக்கொண்டாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் இடுப்பு ஒடிவதாக அலறினாள் அந்தப் பெண். பாதி வழியில் மாமியாரை உதறிவிட்டு முட்டி போட்டாள்; பின்கம்பியை இறுகப் பிடித்தாள். ஏர்க்கால் தூக்கியது. குதிரைக்கு முன்கால் தரையில் பாவவில்லை.

“முன்னால வாம்மா!” என்று கத்தினேன்.

அவள் அசையவில்லை. “இப்பத்தான் உசுரு வந்துக்குது. ஒன் குதிரைய வேணா பின்னால வரச் சொல்லு.”

நர்சம்மா வீட்டு வாசலில்

பிரசவம் பார்க்கும் நர்சம்மா வீட்டில் அவளை இறக்கிவிட்டும் எனக்குப் போக மனமில்லை. ராஜம்மாவுக்கும் அதே நர்சம்மாதான். உள்ளே மாமியார், “கட்டில்ல படுக்க வையேம்மா” என்று கெஞ்சுவது கேட்டது. நர்சம்மா அந்தப் பெண்ணை நடக்கவிட்டாள். கட்டில் விளிம்பைப் பிடித்து முட்டி போடவிட்டாள். களைத்தபோது இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொன்னாள். கடைசியில் பிள்ளை அழுதது.

வெளியே வந்த நர்சம்மாவிடம், இப்படிச் செய்தால் எல்லாப் பிள்ளையும் பிழைத்துவிடுமா என்று கேட்டேன். என் வீட்டு விஷயம் அவளுக்குத் தெரியும்.

“நோவு கொறையும். சில பேருக்கு சீக்கிரமும் ஆவும். உசுருக்கு நான் ஜாமீன் நிக்க முடியாதுப்பா.”

ரயில்வே கேட்

ராஜம்மாவுக்கு ஒரு மழைநாள் மத்தியானம் வலி எடுத்தது. நான் படு என்று சொல்லவில்லை. அவளும் பின்கம்பியைப் பிடித்து முட்டி போட்டாள். நான் ஒல்லி, முன்னால் உட்கார்ந்தும் பாரம் போதவில்லை. இறங்கி, ஏர்க்கால் நுனியை நெஞ்சால் அமுக்கிக்கொண்டே குதிரையோடு நடந்தேன்.

கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. திடீரென்று அவள் முனகல் நின்றுவிட்டது. முதல் பிள்ளை பிறந்தபோதும் அறைக்குள்ளிருந்து இப்படி ஒரு சத்தமில்லாமைதான் வந்தது. ஏர்க்காலை விட்டால் வண்டி பின்னால் சாயும்; திரும்பிப் பார்க்க வழியில்லை. “ராஜம்மா! ராஜம்மா!” என்று கத்தினேன்.

“ஏன்யா பேஜாரு பண்ற? வலி வுட்டுக்குது. அதுக்குள்ள கண்ண மூடிக்கினேன்.”

நர்சம்மா வீட்டில்

அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார்கள். நான் வாசலிலேயே நின்றேன். மழை விட்டது, மறுபடி பிடித்தது. உள்ளே நர்சம்மாவின் அதட்டல், ராஜம்மாவின் ஒரு நீண்ட உறுமல், அப்புறம் அந்தச் சத்தமில்லாமை. பிறகு பூனைக்குட்டி போல ஓர் அழுகை.

நர்சம்மா கதவைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க. வண்டிதான் காலியாச்சே, இன்னும் எதுக்குய்யா அத அமுக்கிக்கினு நிக்கிற?”

ராஜம்மாவும் போய், ஜட்காவும் போய்விட்ட இந்த நாளில், பஸ்ஸில் கண்டக்டர் “முன்னால போ” என்று விரட்டினாலும், பின்னால் கம்பியைப் பிடித்து நிற்பது யார் என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.