பதினொரு பாட்டில்

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில், அறுத்தெடுத்த சதையை நறுக்கி ஸ்லைடு போடுவது என் வேலை. அதைப் பிரெஞ்சில் கற்றவன் நான். ஸ்லைடைப் பார்த்து நோயைச் சொல்லப் புதிதாக வந்த பதாலஜி டாக்டர் மெட்ராஸில் இங்கிலீஷில் படித்தவர். என் இங்கிலீஷ் அரைகுறை. அதை வெளியே காட்டிக்கொள்ள வேண்டாமென்று, பழைய வழக்கப்படி பிரெஞ்சிலேயே லேபிள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை அஞ்சலை என்ற பெண் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் முருகேசன் மில்லில் தறி ஓட்டுகிறவர். பெருங்குடலில் புற்றுநோய். பத்து நாளுக்கு முன் சர்ஜன் கட்டியையும் அதைச் சுற்றிய கொழுப்பையும் சேர்த்து எடுத்திருந்தார்.

"சர்ஜன் வீட்டுக்கு இட்டுக்கினு போவச் சொல்லிட்டாரு. எல்லா முடிச்சிலயும் வந்துடுச்சாம். எங்க வூட்டுக்காரரு மில்லுக்கு எழுதிக் குடுத்துடறேன்றாரு, இனிமே வேலைக்கு வரலன்னு. இதுல என்னா போட்டிருக்குது, படிச்சிச் சொல்லுங்க."

படித்தேன். நிணநீர் முடிச்சு இரண்டு, இரண்டிலும் நோய் என்றிருந்தது.

நோய் கட்டியை விட்டுக் கிளம்பினால் முதலில் தங்குவது இந்த முடிச்சுகளில்தான். கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். சில பயறு அளவு, சில கடுகு அளவு. கண்ணால் பார்த்தால் தெரியாது, விரலால் தடவித் தேட வேண்டும். நான் ஒரு பகல் முழுக்கத் தடவிப் பதினொன்று எடுத்து, ஒவ்வொன்றையும் தனி பாட்டிலில் போட்டு லேபிள் ஒட்டியிருந்தேன். ரிப்போர்ட்டில் இருந்த இரண்டு, கட்டியோடு ஒட்டியிருந்தவை. அவற்றை டாக்டரே நறுக்கினார்.

"கொஞ்சம் இரும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

"டாக்டர், நான் தனியா பதினொண்ணு எடுத்துக் குடுத்தேனே."

"அதுல கேங்லியன்னு எழுதியிருந்தீங்க. இங்கிலீஷ்ல அது நரம்பு முடிச்சாச்சே, அது எதுக்குன்னு ஒதுக்கி வச்சுட்டேன்."

"பிரெஞ்சுல நிணநீர் முடிச்சுக்கும் அதே பேர்தான் டாக்டர்."

அவர் ஒதுக்கி வைத்திருந்த பாட்டில்களை இழுத்து எண்ணினார். பிறகு எழுந்து அஞ்சலையிடம் போனார். அவர் இடத்தில் இருந்த வேறு யாரும் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

"தப்பு எங்களுதும்மா. இன்னும் பதினொரு முடிச்சு பாக்கணும். நாலு நாள் குடுங்க. அதுவரைக்கும் மில்லுக்கு எதுவும் எழுத வேணாம்."

"அதுலயும் இருந்தா?"

"இருந்தா அதையும் சொல்லிடறேன்."

அந்த நாலு நாளும் எனக்கு அதே வேலை. நம்பிக்கை காட்டி அதையும் பறித்துவிடுவோமோ என்று பயம். ஆல்கஹாலில் ஊறவைப்பது, மெழுகில் புதைப்பது, சாயம் ஏற்றுவது என்று எதையும் அவசரப்படுத்த முடியாது. ஐந்தாம் நாள் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கட்டியிலிருந்து ஆகத் தள்ளி, சர்ஜன் ரத்தக் குழாயைக் கட்டிய இடத்தில் இருந்த கடைசி முடிச்சை வெகு நேரம் பார்த்தார். நோய் அதை எட்டியிருந்தால் உடம்புக்குள்ளும் போயிருக்கும்.

"இதுவும் சுத்தம்" என்றார். பதினொன்றும் சுத்தம்.

சர்ஜனே வந்து அஞ்சலையிடம் பேசினார். "நோய் பக்கத்துல இருந்த ரெண்டோட நின்னுருக்கு. திரும்ப வராதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா அவரு வேலையை விட வேணாம்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "அவருக்கு என்னா சாப்பாடு குடுக்கலாம்?" என்று கேட்டாள்.

முருகேசன் சில மாதத்தில் மில்லுக்குத் திரும்பினார். ஆறு வருஷம் கழித்து, சர்ஜனிடம் உடம்பைக் காட்ட வந்தவர் எங்கள் கதவில் தலையை நீட்டினார்.

"என்னுது எதனா இங்க இன்னும் கீதா?"

ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "சேலை டிசைன் மாதிரி கீது" என்றார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எத்தனை முடிச்சில் நோய் என்பதோடு எத்தனை முடிச்சு பார்த்தோம் என்பதையும் எழுதுங்கள். நீங்கள் எழுதும் லேபிளை உங்கள் டாக்டர் என்னவென்று புரிந்துகொள்கிறார் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். எனக்குக் கேட்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தால், பிழைக்க வழி இருந்த ஒரு மனிதர் சாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.