ஓம் என்றால் சரி என்று அர்த்தம்

இந்த நாட்டில் சிலர் சம்மதத்தை வாய் திறந்து சொல்வதில்லை. மூச்சை விசுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். நோர்வேக்கு வந்த புதிதில், என் மேலாளர் லார்ஸிடம், இன்று நேரத்தோடு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். அவர் அப்படி மூச்சை இழுத்ததும் நெஞ்சுவலியென்று பயந்து தண்ணீர் எடுக்க ஓடினேன். தண்ணீரோடு வந்தால், "இன்னும் போகவில்லையா?" என்கிறார்.

ஊரில் நீங்கள் என்னைக் கொம்பியூட்டர் இஞ்சினியர் என்கிறீர்கள். நான் செய்வது கூட்டித் துடைக்கும் வேலை. யாரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் கூடிய இலவச இயங்குதளம் ஒன்று. அதன் மூலநிரலில் பழையதை அகற்றுவது, எழுத்துப்பிழை திருத்துவது, ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை அழிப்பது. ஒரு காற்புள்ளியை நீக்கப் பல கண்டத்து ஆட்கள் கூடி வாரக்கணக்கில் வாதாடுவோம். இலங்கையில் எங்கள் ஊரான செட்டிபாளையத்தில் வேலித் தகராறே இதைவிடச் சீக்கிரம் தீரும்.

அங்கே பிரதான வீதியில் என் அக்கா மலர் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறார். சென்ற விடுமுறையில் அவருடைய கணினியில் இந்த இயங்குதளத்தைத் தமிழில் போட்டுக்கொடுத்தேன். நான் இங்கு வந்திறங்கிய கையோடு அழைப்பு வந்தது.

"தம்பி, உன்ட பெட்டிக்குக் காது கேக்காதா? அழிக்கவா எண்டு கேக்குது. ஓம் எண்டு அடிக்கிறன். திருப்பியும் கேக்குது."

"ஆம் எண்டு அடிங்க அக்கா."

"ஆமோ? நான் என்ன மேடையில பேசவா போறன்?"

இலங்கைத் தமிழுக்கான சொற்கோப்பைத் திறந்து பார்த்தேன். இந்தியத் தமிழ்க் கோப்பின் அச்சு நகல். போதாக்குறைக்கு, இரண்டும் ஒன்றாக இருப்பதால் இலங்கைக் கோப்பை அழித்துவிடலாம் என்று லார்ஸ் அப்போதுதான் முன்மொழிந்திருந்தார். வழக்கமான துப்புரவு. பதறிப்போய், 'ஓம்' என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்துத் திருத்தம் அனுப்பினேன்.

லார்ஸ் தன் மேசையிலிருந்து தலையை நீட்டினார். "இது தியானத்தில் சொல்வதல்லவா? மதச் சொற்களைச் சேர்க்க முடியாது."

"மீன் வேண்டுமா என்று கேட்டாலும் நாங்கள் இதைத்தான் சொல்வோம்."

"உங்களுக்கு மீனும் சடங்கா?"

சென்னையிலிருந்து ஒருவர், 'ஓம்' கொச்சை, 'ஆம்' என்பதே செந்தமிழ் என்று நீளமாக எழுதினார், ஆங்கிலத்தில். லார்ஸ் ஆதாரம் கேட்டார். அக்காவிடம் சொன்னேன்.

"ஆதாரமோ? உன்ட அத்தான் என்னைக் கட்டுறியா எண்டு கேட்ட நேரம் ஓம் எண்டுதான் சொன்னன். இஞ்ச ரெண்டு ஆதாரம் சோறு கேட்டுக்கொண்டு நிக்குதுகள். அனுப்பவா?"

அதை அப்படியே நோர்வேஜிய மொழியில் லார்ஸுக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தக் கோப்பு போனால், அக்காவும் நானும் இன்னொரு நாட்டாரின் நகல்கள்தானே. லார்ஸ் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் முன்மொழிவை மீளப்பெற்று, என் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்.

போன கிழமை அக்கா மறுபடி அழைத்தார். பெட்டிக்கு இப்போது காது கேட்கிறதாம்.

"சித்திரை வருசத்துக்கு இந்த முறையாவது வாறியா தம்பி?"

அதே நேரம் லார்ஸ் என் மேசையருகே வந்து நின்றார். புதிய பதிப்பு ஏப்ரல் நடுவில் வெளியாகிறது, அந்த வாரம் வேலைக்கு இருப்பாயா என்றார்.

"ஓம்," என்றேன், அக்காவிடம்.

இந்த அலுவலகத்தில் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்த ஒரே வெள்ளைக்காரர் லார்ஸ்தான். முகம் மலர, அட்டவணையில் என் பெயரைப் போடப் போய்விட்டார். தொலைபேசியில், அக்கா கடைக்குள் யாரிடமோ சத்தமாகச் சொல்வது கேட்டது: "தம்பி வாறானாம்!"

இருவரையும் நான் இன்னும் திருத்தவில்லை.